புயல் மீட்புக்குப் போனால் வேலை போகுமா?

தொழிலாளர் சட்டம்: கேள்வி – பதில்

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஒரு தனியார் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். ‘ஆப்த மித்ரா’ பேரிடர் பயிற்சி முடித்தவன். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது தாலுகா ஆபீஸிலிருந்து போன் வந்தது. சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். நாலு நாள் படகிலும் முகாமிலுமாக வேலை. திரும்பி வந்தால் நாலு நாளும் ஆப்சென்ட் போட்டிருந்தார்கள். எட்டு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு மெமோவும் கொடுத்தார்கள். “இன்னொரு தடவை இப்படிப் போனால் உன் பெயர் தானாகவே ரோலிலிருந்து நீங்கிவிடும், நிலையாணையிலேயே இருக்கிறது” என்கிறார் ஹெச்.ஆர். மேலாளர். அரசாங்கம் கூப்பிட்டுத்தானே போனேன்? எனக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாதா? அடுத்த புயலுக்குப் போகலாமா, வேண்டாமா?

– வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: போகலாம். ஆனால் கையில் எழுத்து இல்லாமல் போகாதீர்கள். உங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றத் தனிச் சட்டப்பிரிவு ஏதும் இன்று இல்லை. பொதுவான தொழிலாளர் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும்தான் துணை. அவை பலமானவைதான், ஆனால் ஆதாரம் வைத்திருப்பவருக்கே பலன் தரும்.

சட்டம் எங்கே மௌனமாக இருக்கிறது?

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கலெக்டரின் தலைமையில் மாவட்ட ஆணையத்தை அமைத்து, அதற்கு மிகப் பெரிய அதிகாரங்களைக் கொடுத்திருக்கிறது. மீட்புக்காக வண்டியையும் கட்டடத்தையும் அரசு எடுத்துக்கொள்ளலாம், அதற்கு இழப்பீடும் உண்டு. ஆணையத்தின் உத்தரவை நியாயமான காரணமின்றி மீறுபவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தன்னார்வலர்களை ஊக்குவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. லாரியைக் கொடுத்தவருக்கு இழப்பீடு தரும் அந்தச் சட்டம், வேலையை விட்டுவிட்டு வந்தவரின் வேலையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ‘ஆப்த மித்ரா’ திட்டத்தை 2016-இல் வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. பிறகு அதை நாடு முழுவதும் 350 மாவட்டங்களுக்கு விரித்து, ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுப்பதை இலக்காக வைத்தது. பன்னிரண்டு நாள் பயிற்சி, மீட்புக் கருவிகள் அடங்கிய பை, அடையாள அட்டை எல்லாம் கிடைக்கின்றன. அந்த அட்டையைக் காட்டினால் முதலாளி விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் திட்டத்தில் இல்லை.

இதை எழுதும்போது எனக்கு வருத்தம் வருகிறது. குடிமகனின் கடமைக்காக முதலாளியைக் கட்டுப்படுத்தத் தெரியாத நாடு அல்ல இது. தேர்தல் நாளில் ஓட்டுப் போடுவதற்காகச் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது, மீறும் முதலாளிக்கு அபராதமும் விதிக்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவரை வழக்கிலிருந்து காக்க 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். வெள்ளத்தில் இறங்கி ஆளைக் கரையேற்றுபவருக்குத்தான் இன்னும் யாரும் எழுதவில்லை.

எட்டு நாள் சம்பளம் பிடித்தது செல்லாது

முதலில் பண விஷயம். வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்கலாம். ஆனால் வராத காலத்தின் விகிதத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. நீங்கள் வராதது நாலு நாள், ஆகவே பிடித்தமும் நாலு நாளுக்குத்தான்.

‘எட்டு நாள்’ என்ற கணக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசிக்கொண்டு, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், ஒப்பந்தத்தில் அப்படி இருக்குமானால், எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க அதே பிரிவு இடம் தருகிறது. திடீர் வேலைநிறுத்தத்துக்காக வைத்த விதி அது. நீங்கள் ஒருவராகப் போனீர்கள், காரணமும் நியாயமானது. அந்த விதி உங்களைத் தொடாது. ஒரே கம்பெனியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேராக மீட்புக்குக் கிளம்பும் தன்னார்வலர்கள் இந்த விதியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

‘தானாகவே பெயர் நீங்கும்’ என்பது உண்மையா?

இல்லை. பல தொழிற்சாலைகளின் நிலையாணைகளில் ‘எட்டு நாளுக்கு மேல் அனுமதியின்றி வராவிட்டால் வேலையின் மீதான உரிமை போய்விடும்’ என்ற மாதிரி ஒரு வாசகம் இருக்கிறது. 1993-இல் டி.கே. யாதவ் எதிர் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே வாசகத்தைப் பரிசீலித்தது. விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல், நிலையாணையைக் காட்டி ஒருவரின் பெயரை அடிக்க முடியாது என்று மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பிழைப்பு என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும், அதைப் பறிக்கும் முன் ஒருவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தத் தொழிலாளிக்கு வேலையும் பாதிச் சம்பளப் பாக்கியும் கிடைத்தன.

2012-இல் கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி மேலே போனது. அது அரசு ஊழியர் ஒருவரைப் பற்றிய வழக்கு. வேலைக்கு வரவில்லை என்பது மட்டும் குற்றம் ஆகாது, வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று காட்ட வேண்டும், தவிர்க்க முடியாத சூழ்நிலை அவரைத் தடுத்திருக்கலாம் என்றது நீதிமன்றம். தாலுகா அலுவலகம் கூப்பிட்டு ஆற்றோர ஊர்களில் நின்றவரை ‘வேண்டுமென்றே வேலைக்கு வராதவர்’ என்று சொல்வது எளிதாக இருக்காது.

2025 நவம்பர் 21 முதல் நடுவண் அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்திருப்பதால், பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் இப்போது தொழில் உறவுத் தொகுப்பு இருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியதால் தீர்ப்பு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டி.கே. யாதவ் தீர்ப்பு அரசியலமைப்பின் மேல் நிற்கிறது.

எங்கே தோற்பீர்கள்?

இதையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி பதிவுத் தபால் அனுப்பி, ‘ஏன் வரவில்லை, இத்தனை நாளுக்குள் வந்து சேருங்கள்’ என்று கேட்டும் பதில் சொல்லாதவர்களுக்கு நீதிமன்றம் உதவவில்லை. 2000-இல் சிண்டிகேட் வங்கி வழக்கில், நோட்டீஸுக்குப் பதில் தராமல் இருந்த ஊழியரை வங்கி தானாக ஓய்வு பெற்றவராகக் கருதியது சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001-இல் பஞ்சாப் அண்ட் சிந்து வங்கி வழக்கிலும் அதே முடிவுதான். காரணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பதில் சொல்லாத மனிதருக்காக நீதிமன்றம் வாதாடாது. மெமோ வந்தால் கோபத்தில் கிழிக்காதீர்கள், தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள். குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது

ஒன்று: தாலுகா அலுவலகத்துக்குப் போய், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த ஊர்களில் மீட்புப் பணியில் இருந்தீர்கள் என்று தாசில்தாரின் கையொப்பத்தோடு சான்று வாங்குங்கள். அங்கே தயங்கினால் கலெக்டர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் மனு கொடுங்கள். உங்களைக் கூப்பிட்ட போன் அழைப்பின் பதிவு, வாட்ஸ்அப் குழுச் செய்தி, முகாமில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள்.

இரண்டு: மெமோவுக்குப் பதில் எழுதுங்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள். சூப்பர்வைசருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் நகலை இணையுங்கள். நாலு நாளையும் ஈட்டிய விடுப்பில் கழிக்கும்படி கேளுங்கள். ‘கூடுதலாகப் பிடித்த நாலு நாள் சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்று தனி வரியாக எழுதுங்கள். பதிலைக் கொடுத்ததற்கு நகலில் ஒப்புகைக் கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மூன்று: சம்பளம் திரும்ப வரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். வேலையை விட்டே நிறுத்தினால் உடனே சமரச அலுவலரிடம் மனு போடுங்கள். முன்பு மூன்று ஆண்டு வரை அவகாசம் இருந்தது, புதிய தொகுப்பில் அது இரண்டு ஆண்டாகக் குறைந்துவிட்டது.

உங்களோடு மீட்புக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ‘நாளையிலிருந்து வராதே’ என்று கான்ட்ராக்டர் வாயால் சொல்லி அனுப்பிவிடுவது உங்கள் விஷயத்தில்தான் அதிகம். ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரை நோட்டீஸும் இழப்பீடும் இல்லாமல் நிறுத்த முடியாது. அந்த 240 நாளைக் காட்ட சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு, கேட் பாஸ் எல்லாம் வேண்டும். ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்த புயலுக்கு முன்

மழைக்காலம் தொடங்கும் முன்பே, ‘நான் பயிற்சி பெற்ற பேரிடர் தன்னார்வலர், மாவட்ட நிர்வாகம் அழைத்தால் போக வேண்டியிருக்கும்’ என்று அட்டையின் நகலோடு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். அழைப்பு வரும் நாளில் இப்படி ஒரு செய்தி போதும்:

“ஐயா, இன்று காலை தாலுகா அலுவலகத்திலிருந்து வெள்ள மீட்புப் பணிக்கு அழைத்திருக்கிறார்கள். அழைத்தவர் இன்னார், பதவி இது. இன்று முதல் விடுப்பு கேட்டுக்கொள்கிறேன். பணி முடியும் நாளை அவ்வப்போது தெரிவிக்கிறேன். திரும்பியதும் சான்று சமர்ப்பிக்கிறேன்.”

இதை சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்புக்கு மட்டும் அனுப்பாமல், நிர்வாகத்தின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். வெறும் போன் அழைப்போடு போகாமல், அழைக்கும் அதிகாரியிடம் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பச் சொல்லுங்கள். 1077 என்ற எண்ணில் இயங்கும் மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு மையத்திலும் உங்கள் பெயரைப் பதியச் சொல்லுங்கள். அந்த ஒரு பதிவு பின்னாளில் உங்கள் முதல் சாட்சி.

காயம் பட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்சாலை வேலையில் பட்ட அடி அல்ல என்பதால், பணிக்காயத்துக்கான இழப்பீட்டை முதலாளியிடமோ இ.எஸ்.ஐ.-யிடமோ கேட்க முடியாது. ஆனால் இ.எஸ்.ஐ.-இல் இருப்பவருக்கு மருத்துவம் உண்டு. டாக்டர் சான்றளித்தால் நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அடி எங்கே பட்டது என்பது இதற்குத் தடையில்லை. ஆப்த மித்ரா திட்டத்தில் குழுக் காப்பீடும் இருக்கிறது. உங்கள் பெயரில் அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று கலெக்டர் அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள்.

---

கேள்வி: என் மகன் கோயம்புத்தூரில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். டெரிட்டோரியல் ஆர்மியிலும் சேர்ந்திருக்கிறான். முகாமுக்கு வரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. கம்பெனியில், “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். நம்பி எழுதிக் கொடுக்கலாமா?

– ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. உங்கள் மகனுக்குச் சட்டம் முழுப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பை அவரே விட்டுக்கொடுத்தது போல் ஆகிவிடும்.

டெரிட்டோரியல் ஆர்மி என்பது, வேறு தொழில் செய்துகொண்டே நாட்டுக்குத் தேவைப்படும் காலத்தில் மட்டும் சீருடை போடுபவர்களின் படை. 1948-இல் இதற்குச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி படையைத் தொடங்கி வைத்தார். எல்லையில் மட்டுமல்ல, பேரிடரிலும் இந்தப் படை நிற்கிறது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது, மீட்புக்கு இறங்கியவர்களில் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 122-ஆம் டெரிட்டோரியல் ஆர்மி பட்டாலியனும் இருந்தது.

வேறு வேலையில் இருப்பவர்களை நம்பியே நடக்கும் படை என்பதால், அவர்களின் வேலையைக் காக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். சட்டத்தின் 7ஏ பிரிவு சொல்வது இதுதான்: படைப் பணிக்கு அழைக்கப்பட்டவருக்கு வேண்டிய விடுப்பைக் கொடுப்பது முதலாளியின் கடமை. பணி முடிந்து திரும்பியதும் மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும். இடையில் போகாமல் இருந்திருந்தால் என்ன வேலையும் என்ன நிலைமையும் இருந்திருக்குமோ, அதற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். முடியாது என்று முதலாளி சொன்னால், குறித்த அதிகாரியிடம் இரு தரப்பும் முறையிடலாம். அவர் வேலை கொடுக்கச் சொல்லலாம், அல்லது ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். முதலாளியின் நிலைமை நியாயமானது என்று தெரிந்தால் விலக்கும் தரலாம். உத்தரவை மீறினால் அபராதம் உண்டு.

உங்கள் மகனுக்கு மிக முக்கியமான வரி அதே பிரிவில் இன்னொன்று இருக்கிறது. இந்தக் கடமையிலிருந்து தப்பிப்பதற்காக, அவர் படைப் பணிக்குப் போகும் முன்பே வேலையை விட்டு நீக்கினாலும் கடமை முதலாளியை விடாது. படைக்கு அழைக்கும் உத்தரவு வந்த பிறகு நீக்கியிருந்தால், தப்பிக்கத்தான் நீக்கினார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. இதனால்தான் ‘ராஜினாமா எழுதிக் கொடு’ என்று கேட்கிறார்கள். நீக்கினால் அவர்கள் பதில் சொல்ல வேண்டும், அவரே எழுதிக் கொடுத்தால் சொல்ல வேண்டியதில்லை.

7பி பிரிவு, கம்பெனியின் சேமநல நிதியிலும் ஓய்வூதியத் திட்டத்திலும் அவருக்குள்ள உரிமைகள் படைப் பணிக் காலத்தில் அறுந்து போகாமல் காக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. படையிலிருந்து வந்த உத்தரவின் நகலை இணைத்து, ‘டெரிட்டோரியல் ஆர்மி சட்டம் 1948, பிரிவு 7ஏ-இன்படி விடுப்பு கோருகிறேன்’ என்று ஒரு கடிதம் எழுதி ஒப்புகை வாங்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. சட்டப்பிரிவின் எண்ணைப் பார்த்ததும் நிர்வாகம் தன் வழக்கறிஞரைக் கேட்கும், அவர் சரியாகச் சொல்லிவிடுவார். அப்படியும் அடம்பிடித்தால் மகனின் பட்டாலியன் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

கடலூர் வாசகர் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும். ஒரே நிலச்சரிவில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று மண்ணை அள்ளலாம். ஒருவர் டெரிட்டோரியல் ஆர்மிக்காரர், இன்னொருவர் ஆப்த மித்ரா தன்னார்வலர். முன்னவரின் வேலையைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. பின்னவருக்கு இல்லை. இருவர் செய்ததும் ஒரே வேலை.

---

கேள்வி: திருப்பூரில் சின்ன பனியன் யூனிட் நடத்துகிறேன். பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். அதில் இரண்டு பேர் ஊர்க்காவல் படையில் இருக்கிறார்கள். திருவிழா, தேர்தல், மழை என்று அவ்வப்போது டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். நல்ல பையன்கள், நல்ல காரியம்தான். ஆனால் டெலிவரி தேதி தவறினால் நஷ்டம் என் தலையில். என் கஷ்டத்தை யாரிடம் சொல்வது?

– ஒரு யூனிட் உரிமையாளர், திருப்பூர்

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஊருக்கான கடமையின் செலவை ஒரு சின்ன முதலாளியின் தலையில் மட்டும் வைப்பது சரியல்ல. அதனால்தான், இதை ஒழுங்காகச் செய்த நாடுகள் செலவைப் பங்கு போட்டிருக்கின்றன.

ஜெர்மனியில் 1950-இல் தொடங்கிய தொழில்நுட்ப உதவி நிறுவனம் ஒன்று இருக்கிறது. டி.ஹெச்.டபிள்யூ. என்பார்கள். வெள்ளம், நிலநடுக்கம் என்று எதற்கும் போகும் கூட்டரசின் நிறுவனம் அது. அதில் ஏறக்குறைய எல்லாருமே தன்னார்வலர்கள், எலெக்ட்ரீஷியனும் லாரி டிரைவரும் வெல்டரும்தான். அவர்களை அழைத்தால் முதலாளி விட்டாக வேண்டும், அந்த நாட்களுக்குச் சம்பளமும் கொடுத்தாக வேண்டும். தனியார் முதலாளி பிறகு விண்ணப்பம் போட்டால் அந்தச் சம்பளத்தை அரசு திருப்பிக் கொடுத்துவிடும். தொழிலாளிக்குச் சம்பளம் குறையவில்லை, முதலாளிக்கு நஷ்டம் இல்லை, செலவை ஊர் முழுக்க ஏற்றுக்கொள்கிறது.

ஆஸ்திரேலியாவின் வழி வேறு. 2009-ஆம் ஆண்டு வேலை நியாயச் சட்டத்தில் ‘சமூக சேவை விடுப்பு’ உண்டு. அங்கீகரித்த அவசரகால அமைப்பில் இருப்பவர் அழைப்பின் பேரில் போனால், போய்வரும் நேரமும், வந்து இளைப்பாறும் நேரமும் சேர்த்து விடுப்பு கொடுக்க வேண்டும். நாள் உச்சவரம்பு இல்லை, தற்காலிகத் தொழிலாளிக்கும் உண்டு. ஆனால் சம்பளம் கட்டாயமில்லை. 2019 கடைசியில் காட்டுத்தீ மாதக்கணக்கில் எரிந்தபோது இந்தக் குறை தெரிந்தது. நியூ சவுத் வேல்ஸில் நெடுநாள் தீயோடு போராடி வருமானம் இழந்த தன்னார்வலருக்கு நாளைக்கு 300 டாலர், மொத்தம் 6,000 டாலர் வரை கொடுப்பதாக அரசு அறிவித்தது. வேலையைக் காத்தால் மட்டும் போதாது, நெடுநாள் பணி என்றால் வீட்டு அடுப்பையும் பார்க்க வேண்டும் என்பதை அந்தத் தீ அரசுக்குக் காட்டியது.

அமெரிக்காவில் ராணுவத்துக்கு அழைக்கப்படுபவர்களின் வேலையைக் காக்க 1994-இல் ஒரு சட்டம் வந்தது. பேரிடருக்குப் போகும் கூட்டரசு நிவாரண முகமையின் ரிசர்வ் பணியாளர்களுக்கும் அதே பாதுகாப்பை 2022-இல் நீட்டினார்கள். சிப்பாய்க்கு எழுதிய பாதுகாப்பைப் பேரிடர் பணியாளருக்கும் நீட்ட முடியும் என்பதற்கு அது உதாரணம். நம் 7ஏ பிரிவையும் அப்படி நீட்டலாம்.

இனி, உங்கள் யூனிட்டில் நாளைக்கே செய்யக்கூடியவை. ஊர்க்காவல் படையில் டியூட்டிக்குப் போகும் நாளுக்கு அரசு படி கொடுக்கிறது. முப்பது நாள் டியூட்டி பார்த்தால் அது ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்துக்குச் சமமாக வர வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் ஓர் இமாச்சலப் பிரதேச வழக்கில் சொன்னது. அந்த நாட்களுக்கு நீங்களும் சம்பளம் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மூன்று காரியம் செய்யலாம், எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, வருகைப் பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’ என்று போடாமல் ‘அனுமதித்த விடுப்பு’ என்று போடுங்கள். பின்னால் பணிக்கொடை கணக்கிடும்போது சர்வீஸ் அறுந்ததா என்ற தகராறு வராது. இரண்டாவது, அட்டெண்டன்ஸ் போனஸைப் பிடிக்காதீர்கள். தொழிலாளிக்கு அதிகம் வலிப்பது இதுதான். ஒரு நாள் போனதற்கு மாத போனஸ் முழுவதும் போய்விடுகிறது. மூன்றாவது, இருவரையும் உட்கார வைத்து, ஒரே நேரத்தில் இருவரும் போக நேராதபடி முறை வைத்துக்கொள்ள முடியுமா என்று பேசுங்கள். திருவிழா டியூட்டியும் தேர்தல் டியூட்டியும் முன்கூட்டியே தெரிந்துவிடும். அவற்றுக்கு முறை வைத்துக்கொண்டால், புயல் நாளில் தயங்காமல் விட உங்களுக்கும் மனம் வரும். அவர்களின் ஏரியா கமாண்டரிடம் உங்கள் டெலிவரி தேதிகளைச் சொல்லி வைப்பதிலும் தவறில்லை.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். முதலாளியும் தொழிலாளியும் அன்றைக்கு அன்றைக்குச் சண்டை போட வேண்டியிருக்காது.

---

மூவருக்கும், படிப்பவர்களுக்கும்

மத்திய அரசு ஊழியர் ஊர்க்காவல் படையிலோ குடிமைப் பாதுகாப்புப் படையிலோ இருந்தால், சிறப்புத் தற்செயல் விடுப்பு கொடுக்க ஆணைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. டெரிட்டோரியல் ஆர்மிக்காரருக்கு 7ஏ இருக்கிறது. விடுபட்டவர் தனியார் தொழிலாளி மட்டும்தான். ஆனால் தாசில்தாரின் போன் வந்ததும் படகில் ஏறுகிறவர்களில் அவரும் இருக்கிறார்.

இந்த இடைவெளியை அடைக்கப் பெரிய சட்டம் தேவையில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவு போதும். மாவட்ட ஆணையம் எழுத்தில் அழைத்த பதிவுபெற்ற தன்னார்வலருக்கு விடுப்பு கொடுக்க வேண்டும், அதே வேலையில் திரும்பச் சேர்க்க வேண்டும், பணித் தொடர்ச்சி அறுபடக் கூடாது, சிறு முதலாளி கொடுக்கும் சம்பளத்தை அரசு ஈடுகட்ட வேண்டும், அழைப்பு வந்த பிறகு நீக்கினால் காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. இதில் பெரும்பகுதி 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதித் தயாராக இருக்கிறது. நாடாளுமன்றம் செய்யும் வரை காத்திருக்காமல், அழைக்கும் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் உத்தரவும் பணி முடிந்ததும் சான்றும் தர வேண்டும் என்று தமிழக அரசு எல்லா மாவட்டங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

தொழிற்சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் பேரிடர் விடுப்பு என்று ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள். தன்னார்வலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் உங்கள் கடிதத்தை நிர்வாகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.